வெந்நீரில் பவளம் நடுவது

பத்து காவானின் பத்து மூசாங் படகுத்துறையில் நின்றால் எதிரே அமான் தீவு தெரியும். இன்னொரு பக்கம் பினாங்கு இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீண்டு பத்து மாவுங்கில் போய்க் கரையேறும். கடல்நீர் பழுப்பு. நீர் வற்றும் வேளையில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குச் சேறு. கெராங் சிப்பியும் இறாலும் நண்டும் இந்தச் சேற்றை நம்பித்தான் வாழ்கின்றன. இங்கே எதுவும் குறைவில்லை. ஆனால் பவளம் மட்டும் வளராது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அதன் மேல் படிந்தால், அதைத் தள்ளிவிடவே பவளம் தன் உடம்புச் சத்தையெல்லாம் கோழையாகச் சுரந்து தீர்க்க வேண்டியிருக்கும். கலங்கிய நீர் வெயிலையும் மறைக்கும்.

ஆற்று வண்டல் அவ்வளவாக எட்டாத இடம் வடக்கே இருக்கிறது. பினாங்குக்கும் லங்காவிக்கும் இடையே, கெடா கடலில், பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் என்று நான்கு சிறு தீவுகள். இவற்றைச் சுற்றியுள்ள கடல் 1994-ல் கடற்பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. மலாக்கா நீரிணையின் வடபகுதியில் நமக்கு எஞ்சியிருக்கும் நல்ல பவளப்பாறை அதுதான். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் பவளத்தை உயிரோடு பார்க்கப் போகிற இடமும் அநேகமாக அதுதான். அது அழிந்தால் நமக்கு மாற்று இடம் பக்கத்தில் இல்லை.

சிதைந்த பவளப்பாறையை மனிதர் கையால் மீண்டும் உண்டாக்க முடியுமா? இந்த அத்தியாயத்தின் கேள்வி இது. முடியும், சில இடங்களில் முடிந்திருக்கிறது என்பதே பதில். எங்கே முடிந்தது, எங்கே கைவிட்டுப் போனது என்று பார்த்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. பவளத்தைக் கொன்றது எதுவோ அது நின்றுபோன இடத்தில் நட்டது பிழைத்திருக்கிறது. அது நிற்காத இடத்தில் எவ்வளவு நட்டாலும் செத்திருக்கிறது.

நம் பகுதிக்கு இதில் ஒரு பழைய வரலாறு உண்டு. மலேசிய மீன்வள இலாகா நாட்டின் முதல் செயற்கைப் பாறையை 1975-ல் கெடாவின் தெலோர் தீவுக் கடலில் இறக்கியது. பழைய டயர்களைக் கட்டிக் கடலடியில் போட்டார்கள். மீனுக்கு ஒதுங்க இடம் வேண்டும், இழுவை மடிகள் அங்கே வரக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மீன் ஒதுங்கும் இடம் வேறு, பவளப்பாறை வேறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1972-ல் ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களைக் கடலில் கொட்டினார்கள். கட்டிய கம்பிகள் துருப்பிடித்து அறுந்தன; புயலில் டயர்கள் உருண்டு பக்கத்தில் உயிரோடிருந்த பவளத்தையே நசுக்கின. இராணுவ முக்குளிப்பாளர்களை விட்டு அவற்றைப் பொறுக்கியெடுக்க வேண்டியதாயிற்று. பவளக் குஞ்சு உட்கார அசையாத, உறுதியான, சுண்ணாம்புத் தன்மையுள்ள தளம் வேண்டும். வளைந்து நெளிந்து உருளும் ரப்பர் அதற்கு ஆகாது.

பவளம் என்பது என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. அது கல்லும் அல்ல, செடியும் அல்ல. சில மில்லிமீட்டர் அளவுள்ள, வாயைச் சுற்றி உணர்கொம்புகள் கொண்ட விலங்கு. ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும். ஒவ்வொன்றும் தன் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து, அதன் மேலேயே ஏறி உட்காரும். அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பவளத்தின் உணவுத் தேவையில் 90 விழுக்காடு வரை கொடுத்துவிடும். பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகக் கொடுக்கும். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசியின் நிறமே. கடலடிப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தைப் பிடித்துக்கொண்டு, கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குப் பவளப்பாறை இடம் கொடுப்பது இந்தச் சிறிய உறவின் பலத்தில்தான்.

நீர் சூடேறினால் இந்த உறவு முறிகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, திசுவை அரிக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கத் தொடங்கும். பவளம் வேறு வழியில்லாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய், வெறும் தசைக்குள்ளிருந்து வெள்ளை எலும்பு தெரியும். வெளுத்த பவளம் அப்போதே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் சாகும்.

சூட்டை அளக்கும் முறையும் அதற்கேற்ப அமைந்தது. காய்ச்சல் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் எத்தனை நாளாக என்றும் மருத்துவர் கேட்பதுபோல, அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகமான நோவா சூட்டின் அளவையும் அது நீடித்த வாரங்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி, ஒரு வாரம் நீடித்தால் ஒரு அலகு. பன்னிரண்டு வாரத்துக்குள் நான்கு அலகு சேர்ந்தால் வெளுப்பு. எட்டு சேர்ந்தால் பெருமளவில் சாவு. அண்மை ஆண்டுகளின் சூட்டுக்கு இந்த அளவுகோல் போதாமல் போனதால், இருபது அலகும் அதற்கு மேலும் குறிக்கும் புதிய நிலைகளை அவர்கள் சேர்க்க வேண்டி வந்தது. இந்தத் துறையில் நான் படித்த செய்திகளில் மனத்தை மிகவும் வருத்தியது இதுதான்.

உலகம் முழுவதையும் தாக்கிய வெளுப்புகள் இதுவரை நான்கு. 1998, 2010, 2014 முதல் 2017 வரை, பிறகு 2023-ல் தொடங்கியது. நான்காவதை 2024 ஏப்ரல் 15 அன்று நோவா அறிவித்தது. அது உலகப் பவளப்பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேலான இடத்தைத் தொட்டுவிட்டது. 2010-ல் மலேசிய அரசு ஒரு துணிந்த காரியம் செய்தது. தியோமான், ரெடாங், பாயார் கடற்பூங்காக்களில் வெளுத்துப்போன முக்குளிப்பு இடங்களை ஜூலையில் மூடி, அக்டோபர் இறுதிவரை யாரும் இறங்கக் கூடாது என்றது. சுற்றுலா நடத்துவோருக்கு இது பெரிய நட்டம். கடலின் சூட்டை அரசால் குறைக்க முடியாது. ஆனால் பட்டினி கிடக்கும் பவளத்தின் மேல் கால் துடுப்பு படுவதையும், கிளறிய மணல் விழுவதையும், நங்கூரம் மோதுவதையும் நிறுத்த முடியும். அதை நிறுத்தினார்கள். ஒரு கிளைகூட நடாத இதுவும் சீரமைப்புதான் என்பது என் கருத்து.

நம் முன்னோர் கப்பலேறிய தமிழகக் கரைக்கு இப்போது போவோம். மன்னார் வளைகுடாவின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் பவளச் சீரமைப்பைப் பற்றிப் பேசுவது பயனில்லை.

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம்வரை கரையையொட்டி 21 தீவுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. பல பத்தாண்டுகளாக அந்தப் பாறையைக் கடப்பாரை கொண்டு பெயர்த்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று, ஆலைகளுக்குப் போயிற்று, கடலோர வீடுகளின் சுவருக்கும் போயிற்று. சில இடங்களில் வெடி வைத்து மீன் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தன. அதன் பிறகும் கல்லெடுப்பு தொடர்ந்தது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004-ல் சுனாமி வந்தது. பாறை கரையைக் காக்கும் என்பதை மீனவர்கள் உணர்ந்தார்கள். 2005 வாக்கில் கல்லெடுப்பு நின்றது. ஆனால் அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையை முன்னால் நின்று வாங்கிய பாறையை எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் மணல் எத்தனை நாளைக்கு நிற்கும்?

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-லிருந்து அங்கே பவளம் நட்டுவருகிறது. செய்முறை கேட்க எளிது. நலமாக உள்ள பாறையிலிருந்து விரல் நீளக் கிளைகளை எடுத்து, சிறு சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் வைத்த சட்டங்களின் மேல் பொருத்துகிறார்கள். கிளை சில வாரங்களில் பலகைமேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஓயாத பராமரிப்பு வேண்டும். பாசி படர்ந்தால் சுரண்ட வேண்டும், பவளத்தைத் தின்னும் நத்தைகளைப் பொறுக்க வேண்டும், கிழிந்த வலை வந்து மாட்டினால் அறுத்தெடுக்க வேண்டும். நடுவது சில நாள் வேலை. பராமரிப்பு பல ஆண்டு வேலை. பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே கொடுக்கிறார்கள்.

கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, 2015-ன் இறுதியிலிருந்து துளையிட்ட பெரிய கான்கிரீட் கூடுகளை வரிசையாக இறக்கினார்கள். சென்னை ஐஐடியின் வடிவமைப்பு அது. அலை கூட்டின்மேல் மோதி வேகம் குறைகிறது. துளைகளில் மீன் நுழைகிறது. பரப்பில் பவளக் குஞ்சுகள் தாமாகவே வந்து ஒட்டுகின்றன. டயர் செய்யாததை இது செய்கிறது. கனமாக இருப்பதால் அசைவதில்லை, சொரசொரப்பாக இருப்பதால் குஞ்சுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ஒரு தீவைக் கரைய விடாமல் காப்பதற்கும் பவளத்துக்குத் தளம் கொடுப்பதற்கும் ஒரே செலவு.

கல்லெடுப்பு நின்றபின் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு மெல்லக் கூடியது. பிறகு சூடு வந்தது. 2010-ல் ஒரு வெளுப்பு. 2016-ல் அதைவிடக் கடுமையானது. அந்த ஒரு கோடையில் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது எது செத்தது என்பது. மான்கொம்புபோல் கிளைவிடும் அக்ரோபோரா இனங்கள் முதலில் வெளுத்து அதிகமாகச் செத்தன. பாறாங்கல்லாய் உருண்டு திரண்டு வளரும் போரைட்டிஸ் இனங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அக்ரோபோரா கிளை ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். போரைட்டிஸ் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். உலகம் முழுவதும் நடுகிறவர்கள் விரும்பி எடுப்பது வேகமாக வளரும் கிளைப் பவளத்தை. இரண்டாண்டில் படம் எடுத்துக் காட்டலாம், நன்கொடை தந்தவருக்கும் மகிழ்ச்சி. சூடு வந்தால் முதலில் போவதும் அதுவே.

ஃபுளோரிடாவில் இதன் முழு அளவையும் 2023 கோடையில் பார்த்தார்கள். பல பத்தாண்டு உழைப்பில் கடலுக்கடியில் பவள நாற்றங்கால்களை அமைத்திருந்தார்கள். ஜூலையில் கரையோரத்து ஆழமற்ற விரிகுடா ஒன்றில் நீரின் சூடு 38 டிகிரியைத் தாண்டியது. பாறைப் பகுதியிலும் பவளம் தாங்கும் அளவை மீறி வாரக்கணக்கில் கொதித்தது. நாற்றங்காலில் இருந்த பவளங்களைப் படகில் அள்ளிக்கொண்டு வந்து கரையில் உள்ள குளிர்நீர்த் தொட்டிகளில் போட்டுக் காப்பாற்றினார்கள். பாறையில் நட்டவற்றை அப்படி அள்ள முடியாது. கிளைப் பவளத்தில் இரண்டு இனங்கள் ஃபுளோரிடா பாறையில் இனி ஓர் இனமாகப் பயன்தர முடியாத அளவுக்கு அழிந்துவிட்டன என்று அதன்பின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உழைத்தவர்களின் திறமையில் குறை இல்லை. கொல்லும் சூடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வெற்றி கண்ட இடங்களைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இந்தோனேசியாவின் தென் சுலாவெசிக் கடலில் வெடிமீன் பிடிப்பு பாறையைச் சல்லியாக்கிவிட்டிருந்தது. சல்லி அலையில் ஓயாமல் உருளும். மேலே உட்காரும் பவளக் குஞ்சு ஒவ்வொன்றும் அரைபட்டுச் சாகும். வெடி நின்று பல ஆண்டு ஆகியும் பாறை தானாகத் தலையெடுக்காததற்கு அதுவே காரணம். அங்கே அறுகோண இரும்புச் சட்டங்களை மணல் பூசி, ஒன்றோடொன்று பிணைத்து, சல்லிமேல் வலையாக விரித்துக் கிளைகளைக் கட்டினார்கள். கிராமத்து மக்களே கட்டினார்கள். நான்கு ஆண்டில் அந்தப் பாறை சுண்ணாம்பு கட்டும் வேகம் பக்கத்து நலமான பாறையின் வேகத்தை எட்டிவிட்டது என்று 2024-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிலிப்பைன்சின் பொலினாவோவில் இன்னொரு வழி. முழுநிலவுக்குப் பிந்திய இரவுகளில் பவளங்கள் முட்டையையும் விந்தையும் நீரில் விடும். அவற்றைச் சேகரித்து, குஞ்சாக்கி, வெடியால் சிதைந்த பாறைமேல் 2013-ல் விட்டார்கள். மூன்றாண்டில் அவை தாமே முட்டையிடும் பருவத்தை அடைந்தன. கிளை ஒடித்து நட்டால் எல்லாம் தாயின் நகலாக இருக்கும். கருவிலிருந்து வளர்த்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு மரபு. நாளைய சூட்டை எது தாங்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாதபோது, இந்த வேறுபாடு பெரிய சொத்து.

நமக்கு வடக்கே அந்தமான் கடலில், தாய்லாந்தின் மாயா விரிகுடா. படகுகளும் கூட்டமும் பவளத்தை அழித்துவிட்டன. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடையில் பவளம் நட்டார்கள். படகு உள்ளே வருவதை நிரந்தரமாகத் தடுத்தார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. பாயார் கரையில் நாம் பார்க்கும் அதே இனம்.

சூட்டைத் தாங்கும் பவளத்தை உருவாக்க முடியாதா என்று கேட்பீர்கள். முயற்சி நடக்கிறது. வெளுப்பில் தப்பிய பவளங்களைப் பெற்றோராகக் கொண்டு குஞ்சு எடுக்கிறார்கள். துருஸ்டினியம் என்ற பாசிவகை உள்ளே இருந்தால் பவளம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரிவரை கூடுதலாகத் தாங்கும். ஆனால் வளர்ச்சி மந்தமாகும். மடலீன் வான் ஒப்பென், ரூத் கேட்ஸ் ஆகியோர் 2015-ல் முன்வைத்த ‘துணைசெய்த பரிணாமம்’ என்ற கருத்து இந்த வேலைகளுக்கெல்லாம் வழி திறந்தது. இது காலத்தைக் கொஞ்சம் வாங்கித் தரும். எவ்வளவு சூடுவரை என்பதற்கு எல்லை உண்டு. உலகம் 1.5 டிகிரி சூடேறினால் பவளப்பாறையில் 70 முதல் 90 விழுக்காடு போகும், 2 டிகிரி ஏறினால் 99 விழுக்காட்டுக்கு மேல் போகும் என்று ஐநா காலநிலைக் குழு 2018-ல் கூறியது. அந்த அரை டிகிரி வேறுபாட்டை எந்த நாற்றங்காலாலும் ஈடுசெய்ய முடியாது.

தொடக்கத்தில் சொன்ன கலங்கல் நீரைப் பற்றி இன்னொரு செய்தி. வெளுப்புக்குச் சூடு மட்டும் காரணமல்ல, சூட்டோடு சேரும் கடும் வெயிலும் காரணம். அதனால் ஓரளவு கலங்கிய நீரில் உள்ள பாறைகள் சில இடங்களில் குறைவாக வெளுக்கின்றன என்று தெரியவந்திருக்கிறது. மலாக்கா நீரிணைப் பவளங்களும் சிங்கப்பூர்ப் பவளங்களும் மங்கிய வெளிச்சத்திலேயே பழகியவை. சிங்கப்பூர் 2024 டிசம்பரில் ஒரு இலட்சம் பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியபோது நம்பிய பவளங்கள் இப்படிப்பட்டவையே. இதை வைத்துச் சேறு நல்லது என்று யாரும் வாதிட வேண்டாம். ஓரளவு கலங்கல் நிழலாகும். நிலமீட்பும் மரமழித்த மலைச்சரிவும் கொண்டுவரும் வண்டல் சமாதியாகும்.

செலவையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் நடந்த திட்டங்களைத் தொகுத்து 2019-ல் கணக்கிட்டபோது, ஒரு ஹெக்டேர் பவளப்பாறையைச் சீரமைக்க நடுத்தரமாக 4 இலட்சம் அமெரிக்க டாலர் ஆகிறது என்று தெரிந்தது. மலேசியாவில் பவளப்பாறை ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கைச் சீரமைக்கவே 160 கோடி டாலர் வேண்டும். இருக்கும் பாறையைக் காப்பது இதோடு ஒப்பிட்டால் மிகமிக மலிவு. இன்னொன்று: 2020-ல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, பாதிக்கும் மேற்பட்ட திட்டங்களில் நட்டபின் பதினெட்டு மாதம்கூடக் கண்காணிக்கவில்லை என்று காட்டியது. நூறு ஆண்டு வாழும் உயிரை நட்டுவிட்டு ஒன்றரை ஆண்டுக்குள் வெற்றி என்று எழுதி முடிக்கிறோம்.

பினாங்கிலும் பத்து காவானிலும் இருக்கிறவர்கள் இதில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பாலத்துக்கு அக்கரையில் பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2000-ல் மணிலாவிலிருந்து பினாங்குக்கு இடம்பெயர்ந்த உலக மீன் மையம் இருக்கிறது. தெலுக் பஹாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. ரீஃப் செக் மலேசியா 2007-லிருந்து தன்னார்வ முக்குளிப்பாளர்களைப் பயிற்றுவித்து, ஆண்டுதோறும் நாட்டின் பாறைகளைக் கணக்கெடுக்கிறது. நீந்தத் தெரிந்த இளைஞர்கள் அதில் சேரலாம். பாயாருக்குப் போனால் உயிர்காப்புச் சட்டையோடு மேலேயே மிதந்து பாருங்கள், பாறைமேல் கால் ஊன்றாதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். நிலமீட்புக்கு ஈடாகச் செயற்கைப் பாறை போடுகிறோம் என்று யார் சொன்னாலும், ஒரு நிறுவனம் இத்தனை ஆயிரம் பவளம் நட்டோம் என்று விளம்பரம் செய்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். முன்பிருந்த பவளம் எதனால் செத்தது? அது நின்றுவிட்டதா? ஐந்து ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு இருந்தது என்ற கணக்கை எங்கே வெளியிடுவீர்கள்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.